தண்ணீர் நிற்காத பாத்தியில் ஒரு பந்தயக் குதிரை

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கு வாயாடி என்றுதான் பெயர். உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரர் முதல் கரண்ட் ஆபீஸ் ஆள் வரைக்கும் என்னிடம் பேச்சு வாங்காதவர்கள் குறைவு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்லுவாள். பிழைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு குதிரை விஷயத்தில் மட்டும் இந்த வாய் என்னை ஏமாற்றிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

உப்புக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது இடையஞ்சாவடி. எங்கள் ஊரோரம் வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு குதிரை லாயம் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் சாணி அள்ளும் வேலைக்குப் போனேன். பிறகு தண்ணீர் காட்டுவது, தேய்த்து விடுவது, அப்புறம் மேலே ஏறி உட்காருவது என்று ஒவ்வொன்றாகக் கையில் வந்தது. அங்கே கற்றுக்கொண்ட வித்தைக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். குதிரையை வட்டம் போட வைப்பது, பக்கவாட்டில் நடக்க வைப்பது, ஓடுகிற குதிரையை அடியைச் சுருக்கி மெல்ல எடுத்து வைக்கச் செய்வது. பார்க்கிறவர்களுக்குக் கூத்து மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், தன் உடம்பையும் மேலே இருக்கிற ஆளின் உடம்பையும் சேர்த்துப் பின்னங்கால்களில் தாங்கிக்கொள்ளக் குதிரை பழக வேண்டும். மற்ற எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

கல்யாணம் ஆன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். எங்கள் அளத்தில் ஓரமாக ஒரு பெரிய பாத்தி இருந்தது. எவ்வளவு மிதித்துக் கெட்டிப்படுத்தினாலும் அதில் தண்ணீர் நிற்காது, உப்பு விளையாது. அதை எனக்குக் கொடுத்துவிட்டார். சவுக்குத் தோப்பிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி, ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டோம். நீள்சதுரம், நாலு பக்கமும் வரப்பு. குதிரை பழக்குவதற்கென்றே யாரோ அளந்து வெட்டியது போல இருந்தது. இரண்டு மட்டக்குதிரைகளை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

அங்கேதான் பாய் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் ஏதோ ஒரு பெரிய மனிதரின் லாயத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். வண்டி என்றால் குதிரையைப் பூட்டிய வண்டி இல்லை, குதிரையை ஏற்றிப் போகிற ஏசி வண்டி. குதிரைக்கு ஏசி, எனக்கு வெயில் என்று சொல்லிச் சிரிப்பார். இத்தனை வருஷம் அடுத்தவன் குதிரையைச் சுமந்தோமே, சாவதற்குள் நமக்கென்று ஒன்று ஓட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. ஊர் திரும்பியதும் ஒரு பந்தயக் குதிரையை வாங்கிச் சென்னையில் ஒரு டிரெய்னரிடம் விட்டிருந்தார். செம்பழுப்பு நிறத்தில் பெண் குதிரை. நெற்றியில் பொட்டு வைத்தது போல வெள்ளை, இடது காது நுனியில் ஒரு வெட்டு.

வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. சென்னைப் பந்தய மைதானத்தில் குதிரைகள் எப்போதும் வலது பக்கமாகத்தான் வளைந்து ஓடும். இவளுக்கு அந்த வளைவுதான் எமன். வளைவு வந்ததும் பாரம் முழுவதையும் முன்னங்காலில் போட்டு, கடிவாளத்தின் மேல் சாய்ந்து, வெளிப்பக்கம் வாரிக்கொண்டு போய்விடுவாள். வளைவு முடிந்து, நேர் என்று சொல்லுகிற கடைசி நேர்ப்பாதைக்கு வருவதற்குள் மற்றவை முன்னே போயிருக்கும். பாயின் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து பேசினார்கள். இந்த சீசனில் ஒன்றாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் அத்தா, எங்களால் இதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. அந்த நேரம் பார்த்துக் குதிரைக்குக் காலில் வீக்கம் வந்தது. சீசன் தொடங்கும்வரை ஓய்வு என்று டிரெய்னர் சொன்னார். ஓய்வை இங்கே எடுக்கட்டும், அதற்குள் நேராக நடக்கச் சொல்லிக்கொடு தங்கச்சி என்று பாய் என்னிடம் வந்து நின்றார்.

பங்குனி வெயிலில் வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கியதும் என் தோளைக் கடித்தாள். "அடி கழுதை" என்றேன். அதுவே பெயராக நின்றுவிட்டது. பந்தயத்துக்கு என்று அவளுக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கழுதை என்றால் வெட்டுப்பட்ட காது என் பக்கம் திரும்பும்.

கால் ஆறியதும் வேலையைத் தொடங்கினேன். முதல் நாள் இடது பக்கம் வட்டம் போடச் சொன்னால் பலகை மாதிரி விறைத்து நின்றாள். வாழ்நாளில் இடது பக்கம் வளைந்தவள் இல்லை. பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம். நடையிலிருந்து டிராட் என்கிற துள்ளோட்டம், டிராட்டிலிருந்து நடை. தோளைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு வரப்போரமாகப் போவது. பிறகு மணலில் சவுக்குக் கழிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் மிதிக்காமல் கால் தூக்கித் தாண்டிப் போவது. கழியைத் தட்டினால் அவளே வெட்கப்பட்டது போலத் தலையை ஆட்டுவாள். அடுத்ததாகக் காலி உப்பு மூட்டைகளில் மணல் ரொப்பி, மேலே கழியை வைத்துச் சின்னதாக ஒரு தாண்டல். தாண்ட வேண்டுமென்றால் பின்னங்காலைக் கீழே கொண்டுவந்துதான் ஆக வேண்டும், முன்னே சாய்ந்துகொண்டு தாண்ட முடியாது. நான் சொல்லி விளங்காததை மூட்டை விளங்கவைத்தது.

பக்கத்துப் பாத்திகளில் உப்பு வாருகிற பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நின்று பார்ப்பார்கள். பந்தயத்துக்கு அனுப்பப் போறியா, இல்ல கல்யாண ஊர்வலத்துக்கா என்று ஒருத்தி கேட்டாள். உன் இரண்டாம் கல்யாணத்துக்குத்தான் என்றேன். கூடையோடு சிரித்தாள், ஒரு கல் உப்பு கீழே விழவில்லை. நான் குதிரையிடம் கேட்டதும் அதைத்தான். அந்தப் பெண் காலைப் பார்த்தா நடக்கிறாள்? தன் பாரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆடி மாதம் வாக்கில் கழுதை ஆளே மாறிவிட்டாள். முதுகு நிரம்பியது. கடிவாளத்தில் சாய்வது நின்றது. எனக்குப் பெருமையாக இருந்த விஷயம் வேறு. கடிவாளத்தைத் தொடாமலே அவளிடம் பேச முடிந்தது. நான் சேணத்தில் இடுப்பை இறக்கிக் கனமாக உட்கார்ந்தால், மெதுவாகு, உன்னைக் கூட்டிக்கொள் என்று அர்த்தம். எழும்பி லேசானால், போ என்று அர்த்தம். எவ்வளவு வேகத்தில் இருந்தாலும், நான் கனமானதும் கழுத்தை வில்லாக வளைத்து, பின்னங்காலைக் கீழே வாங்கி, அடியைச் சுருக்கிவிடுவாள். உடனே செல்லமாகக் கழுத்தில் தட்டிக்கொடுப்பேன். அந்தத் தட்டலுக்காகவே செய்வாள்.

பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து ஒரு பை கேரட்டோடு வருவார். ஒரு தடவை அவரையும் மேலே ஏற்றினேன். வாழ்நாள் முழுக்கக் குதிரையைச் சுமந்த மனிதர் அன்றுதான் முதல்முறையாகக் குதிரை மேல் உட்கார்ந்தார். பயத்தில் மூட்டையாக உட்கார்ந்திருந்தார். கழுதை கழுத்தை வளைத்து, நாலு அடி வைத்து, பதவிசாக நின்றுவிட்டாள். முன்னே போகச் சொல் என்றார். நீங்கள் எழும்பினால்தான் போவாள் பாய் என்றேன். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மாஷா அல்லாஹ், இதுக்கு என் மேல மரியாதை என்று சொல்லி இறங்கினார். கண் கலங்கியிருந்தது. நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். என்ன நடக்கப்போகிறது என்பதைக் குதிரை எங்கள் கண் முன்னாலேயே நடத்திக் காட்டியிருக்கிறது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆவணியில் டிரெய்னர் பார்க்க வந்தார். ஷூவில் மணல் ஒட்டாமல் வரப்பிலேயே நின்றார். கழுதை உப்பு மூட்டையைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, சர்க்கஸுக்கு விட்டிருக்கீங்களா பாய் என்று கேட்டார். என்னிடம் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் அங்கே இல்லாதது போலப் பாயிடம் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாலு கால் இருந்தும் நேரா நடக்கத் தெரியாமத்தான் இங்க வந்துது. இவ்ளோ நாளா நீங்க என்னா புடுங்குனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

வேறு வார்த்தை கிடைக்காமல் இல்லை. அதுதான் முதலில் வந்தது. டிரெய்னர் முகம் செத்துவிட்டது. குதிரையை இன்றே வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள், எனக்கு வேண்டாம் என்று காரில் ஏறிவிட்டார். பாய் பின்னாலேயே ஓடி, சாலை வரைக்கும் போய்க் கெஞ்சிச் சமாதானம் செய்தார். அந்த வயதில் அவரை அப்படி ஓட வைத்தது என் வாய். திரும்பி வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

புரட்டாசியில் கழுதை சென்னைக்குப் போனாள். அங்கே காலையில் ஓட்டிப் பழக்குகிற ஆளிடம் போனில் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கையால் இழுக்காதீர்கள், இடது பக்கமும் வட்டம் போடுங்கள், கேரட்டைக் கையில் நீட்டாதீர்கள் கடிப்பாள் என்றெல்லாம் சொன்னேன். உட்காருகிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை, தோன்றவே இல்லை. பந்தயக் குதிரை மேல் யார் உட்காருகிறார்கள்? சேணத்தில் தொங்குகிற வளையத்தில் காலை ஊன்றி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, அந்தரத்தில்தானே தொங்குகிறார்கள்? காலையில் ஓட்டுகிறவர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். வளைவில் கழுதை கயிறு பிடித்தது போல உள்பக்கமாகவே வருகிறாள் என்று அந்த ஆள் சொன்னார். டிரெய்னர்கூட வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் பந்தயம். என்னையும் என் வீட்டுக்காரரையும் பாய் காரில் அழைத்துப்போனார். திண்டிவனம் தாண்டியதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. அந்தாளு ஏற்கெனவே முறுக்கிக்கினு இருக்காரு. அல்லாவுக்காகக் கேக்குறேன்."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சத்தியம் செய்துகொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். மழை வரப்போவுது பாய் என்றார்.

ஓடுவதற்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. குதிரையின் சொந்தக்காரரும் டிரெய்னரும் அங்கே நின்று ஜாக்கிக்குக் கடைசி வார்த்தை சொல்லுவார்கள். பாய் தயவில் நானும் உள்ளே நின்றேன். கழுதை என்னைப் பார்த்து மூக்கை உயர்த்தினாள். அன்று அவளைப் போல அழகி அந்த இடத்தில் இல்லை. சும்மா பாசத்தில் சொல்லவில்லை, இன்று நினைத்துப் பார்த்தாலும் இல்லை. ஜாக்கி சின்ன உடம்புக்காரர், பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். டிரெய்னர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"திருப்பம் வரைக்கும் சும்மா விட்டுடு. நேருக்கு வந்ததும் நல்லா உக்காந்து தள்ளு."

எனக்குப் பகீர் என்றது. கடைசித் தூரத்தில் ஜாக்கிகள் சேணத்தில் இறங்கி, இடுப்பால் தள்ளி ஓட்டுவார்கள் என்பது டிவியில் பார்த்த சங்கதிதான். பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை. வாயைத் திறந்தேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் விரலை வைத்தார். அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. டிரெய்னர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து ஓடுகிறவள், இத்தனை குதிரைகளின் சத்தத்தில் நான் சொல்லிக்கொடுத்ததா ஞாபகம் வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஜாக்கி ஏறினார். மணி அடித்தது, போய்விட்டார்கள்.

வளைவு வரைக்கும் நடுவில் வந்தாள். வளைவு வந்தது. மற்ற குதிரைகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஒதுங்கின. இவள் மட்டும் வேலியோரமாக, ஒரு சாண் விலகாமல், எங்கள் வரப்போரம் போனது போலவே போனாள். அந்த ஒரு வளைவிலேயே எல்லாரையும் முந்திவிட்டாள். நேருக்கு வரும்போது முன்னே யாரும் இல்லை. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் அப்படி யார் கையையும் பிடிக்கிற ஆள் இல்லை.

ஜாக்கி உட்கார்ந்தார்.

எல்லாரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காதைப் பார்த்தேன். வெட்டுப்பட்ட காது பின்னால் திரும்பியது. கழுத்து வளைந்தது. பின்னங்கால் கீழே வந்தது. அடி சுருங்கியது. ஜாக்கி இன்னும் அழுத்தி உட்கார்ந்தார், சாட்டையை எடுத்தார். அவள் இன்னும் அழகாகச் சுருக்கினாள். தட்டிக்கொடுப்பதற்குப் பதிலாக ஏன் அடிக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படி விளங்கும்? ஒவ்வொன்றாக மூன்று குதிரைகள் தாண்டிப் போயின. பக்கத்தில் ஒருவர் கையிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

வந்து இறங்கிய ஜாக்கி மூச்சு வாங்கிக்கொண்டே, நல்லாத்தான் வந்துது சார், நான் உட்கார்ந்ததும் யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிட்டது என்றார். டிரெய்னர் காலில் பழைய வீக்கம் என்று முடிவு கட்டினார். நான் அங்கேயே சொல்லிவிட்டேன். கால் வீக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது என்றேன். எழுந்து நின்றபடி ஓட்டியிருந்தால் போயிருக்கும், இன்னொரு தடவை விட்டுப் பாருங்கள் என்று அழுகிற குரலில் கேட்டேன். என் குரல் அப்படி வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சர்க்கஸ் குதிரைக்கு என் லாயத்தில் இடமில்லை என்று சொல்லி அவர் போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன்.

பாய் காலி மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ பேச வந்த. நான்தான வாய மூடுன்னு சொன்னேன்" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி அதோடு ஆறியிருப்பேன். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வா தங்கச்சி டீ சாப்பிடலாம் என்றார்.

ஜெயிக்காவிட்டால் விட்டுவிடுவதாகத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீற மாட்டார். குதிரையை நானே வைத்துக்கொள்கிறேன் பாய் என்று காரிலேயே சொன்னேன். என் வீட்டுக்காரர், உப்புத் தின்னா தண்ணி குடிக்கணும், நாமளே வெச்சிக்கலாம் என்றார். பாய்க்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அன்று ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. பக்கத்துக் கழுவெளிச் சதுப்பிலிருந்து தண்ணீர் ஏறி, எங்கள் அளம் முழுக்க ஒரே ஏரியாகிவிட்டது. தண்ணீரே நிற்காத என் பாத்தியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கொட்டகைக் கூரை காற்றில் போய் அடுத்த வரப்பில் கிடந்தது. மட்டக்குதிரைகளைப் பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் உறவுக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினோம். தண்ணீர் வடிந்ததும் வண்டி அனுப்புகிறோம், அதுவரை வைத்திருங்கள் என்று பாய் டிரெய்னருக்குச் சொல்லியிருந்தார். தண்ணீர் வடிந்து, கூரை போட்டு, வண்டிக்குச் சொல்லப் போன் போட்டால் குதிரை இல்லை. கேட்டு வந்த ஒருவருக்கு டிரெய்னரின் லாயத்து ஆட்களே கொடுத்துவிட்டார்களாம். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்றார்களாம். எந்த இடம் என்று கேட்டதற்கு, சரியாகத் தெரியாது என்றார்களாம். நல்ல இடம் என்றால் தெரியாமல் இருக்குமா?

பாய் எங்கெங்கோ விசாரித்தார். நானும் இடையஞ்சாவடி லாயத்தில் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேரட் வாங்கிவந்து மட்டக்குதிரைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். கூரை புதிதாக இருந்தது. கொட்டகையில் ஒரு இடம் காலியாகவே இருந்தது.

தை மாதத்தில் மாமல்லபுரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். சாப்பாடு முடிந்து, என் வீட்டுக்காரர் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடக்கலாம் என்றார். சாயங்காலக் கூட்டம். மாங்காய், பலூன், மணிமாலை போட்ட சவாரிக் குதிரைகள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, பார்த்தால் எவனிடமாவது சண்டைக்குப் போவேன். அன்றைக்குப் பார்த்தேன். ஒரு குண்டு மனிதர் கஷ்டப்பட்டு ஏறி, தொம்மென்று உட்கார்ந்தார். குதிரை கழுத்தை வில்லாக வளைத்து, பின்னங்காலைக் கீழே வாங்கி, மணலில் மெல்ல மெல்ல அடி வைத்தது. எனக்கு நெற்றிப் பொட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, காதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை கூட்டத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

கிட்டே போனோம். விலா எலும்பு தெரிந்தது. தொடையில் குச்சி அடியின் வரிகள். குண்டு மனிதர் இறங்கி, குதிரையா இது, எருமை என்று சொல்லிவிட்டுப் போனார். குதிரைக்காரர் வெயிலில் கருத்த ஆள், தலையில் தொப்பி, சலித்துப்போன முகம். குதிரை நல்லா இருக்குதே என்று என் வீட்டுக்காரர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"நல்லா இருந்து இன்னா சார் பண்றது? ரேஸ்ல ஓடுனதுன்னு சொல்லி என் தலைல கட்டிட்டானுங்க. ஆளு குந்துனா போதும், டான்ஸ் ஆடுது. எவனாச்சும் கேட்டா குடுத்துட்டு வேற பாக்கணும்."

என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். உப்பு வியாபாரத்தில் ஊறிய மனிதர். அந்த அழுத்தலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஆசையைக் காட்டாதே, நான் பேசிக்கொள்கிறேன், நீ சும்மா இரு. எந்த ஊருங்க, எங்க தங்கியிருக்கீங்க என்று சுற்றி வளைத்துத் தொடங்கினார். நான் சும்மாதான் இருந்தேன். அதற்குள் சவாரிக்கு ஒரு குடும்பம் வந்து நின்றது. முதலில் ஓட்டிக் காட்டு என்று கேட்டார்கள். குதிரைக்காரர் ஏறினார். தொம்மென்று உட்கார்ந்தார். கழுதை கழுத்தை வளைத்தாள். அவர் குச்சியை ஓங்கி அதே வரிகளின் மேல் ஒன்று வைத்தார். அவள் இன்னும் சுருங்கினாள். இரண்டாவது அடிக்குக் கை மேலே போனது.

"உக்காராதீங்க" என்று கத்திவிட்டேன். "எழுந்துக்கோங்க. கால ஊனி, சீட்ட விட்டு எழுந்துக்கோங்க. அது தானா போவும்."

சத்தத்துக்கு அவளுடைய வெட்டுக் காது என் பக்கம் திரும்பியது. குதிரைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, காலை ஊன்றி எழும்பினார். அவ்வளவுதான். தண்ணீரோரத்துக் கெட்டி மணலில் ஒரே நேர்க்கோடாகப் போனாள். படகுகள் கிடந்த இடத்தில் வளைந்தாள். இடது பக்க வளைவு. ஒரு சாண் விலகவில்லை. கூட்டம் கை தட்டியது. அன்று அந்த மைதானத்தில் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்பட்டிருக்காது. நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் பல். குச்சியை மணலில் வீசினார். சவாரிக்கு வரிசை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் இனி சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை என்று நேராகக் கேட்டார், குதிரையை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், நீங்கள் சொல்லுகிற விலை என்றார். அந்த ஆள் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"அர மணி முன்ன கேட்டிருந்தா சும்மாவே ஓட்டிக்கினு போன்னு இருப்பேன் சார். இப்ப எப்டி குடுப்பேன்? எனுக்கும் பசங்க இருக்குது. அக்கா நல்லா இருக்கணும்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார், நானும் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்தத் தவளையை நினைத்துச் சிரித்திருக்கிறேன். கழுதையின் நெற்றியைத் தடவினேன். தோளைக் கடித்தாள். வலித்தது, நன்றாக வலிக்கட்டும் என்று நின்றேன். பிறகு வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள், விலகி வந்துவிட்டோம். வண்டியில் என் வீட்டுக்காரர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது அடியையும் பார்த்துக்கொண்டு நிக்க என்னாலயும் முடிஞ்சிருக்காது என்று மட்டும் சொன்னார்.

பாய்க்கு மறுநாள் காலையில் போன் செய்தேன். நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன், சும்மாவே கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்து. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது பாய்."

"நேராவா?"

"நேராத்தான் பாய். வளைவுலகூட வெளிய போவல."

"இனிமே அடிக்க மாட்டான்ல?"

"அடிக்க மாட்டான். குச்சியத் தூக்கிப் போட்டுட்டான்."

"அப்ப நீ பேசுனதுதான் தங்கச்சி சரி" என்றார்.

ஆமாம் பாய் என்று சொல்லியிருக்கலாம். அவருக்காவது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.